விழும் பொருள் எப்படி வேகம் கூட்டுகிறது? மலையூரில் இருந்தபடியே ஈர்ப்பு முடுக்கத்தை அளந்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கையிலிருந்து நழுவிய கல் எவ்வளவு வேகமாக விழும் என்று ஒருவர் கேட்டால், "எந்த நேரத்தில்?" என்று திருப்பிக் கேட்பதே முறை. நழுவிய கணத்தில் அதன் வேகம் சுழியம். ஒரு வினாடி கழிந்ததும் வினாடிக்கு 9.78 மீட்டர், இரண்டாம் வினாடியின் முடிவில் 19.56 மீட்டர், மூன்றாம் வினாடியின் முடிவில் 29.34 மீட்டர். ஒவ்வொரு வினாடியும் வேகத்தோடு ஒரே அளவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் புவியீர்ப்பு செய்யும் வேலை. அந்தக் கூட்டல் அளவையே ஈர்ப்பு முடுக்கம் என்கிறோம். பாடநூல்களில் தோராயமாக 9.8 என்று அச்சிடப்பட்டிருக்கும் இந்த எண்ணை மனப்பாடம் செய்த மாணவர்கள் ஏராளம். தம் கையால் அளந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இருக்கும் எவரும் அதிகச் செலவில்லாமல் அளந்து பார்க்கலாம் என்பதால், அதற்கான வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கணக்கைப் புரிந்துகொள்ளுதல்

வேகம் சீராகக் கூடும்போது, கடக்கும் தூரம் சீராகக் கூடுவதில்லை. முதல் வினாடியில் வேகம் சுழியத்தில் தொடங்கி 9.78இல் முடிவதால் சராசரி 4.89, ஆகவே பொருள் 4.89 மீட்டர் விழுகிறது. இரண்டாம் வினாடியில் சராசரி வேகம் 14.67 என்பதால் அந்த ஒரு வினாடியில் மட்டும் 14.67 மீட்டர். மூன்றாம் வினாடியில் 24.45 மீட்டர். இந்த மூன்று எண்களையும் முதல் எண்ணால் வகுத்தால் 1, 3, 5 என்று வரும். அடுத்தடுத்த வினாடிகளில் 7, 9 என்று ஒற்றைப்படை எண்களாகவே இது தொடரும். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் நிறுவிக் காட்டிய இந்த விதியை, எனக்குத் தெரிந்தவரை, இயற்பியலிலேயே மிக அழகான விதிகளுள் ஒன்றாகச் சொல்வேன். ஒரு குழந்தையின் காதுகூட இதைச் சரிபார்த்துவிட முடியும் என்பதை அடுத்து வரும் சாய்தளச் சோதனையில் காணலாம். மொத்தத் தூரத்தைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் எளியது: முடுக்கத்தில் பாதியை நேரத்தால் இரு முறை பெருக்கினால் தூரம் கிடைக்கும்.

கோத்தகிரிக்கு அருகிலுள்ள கேத்தரின் நீர்வீழ்ச்சியின் உயரம் சுமார் 250 அடி, அதாவது 76 மீட்டர். இடையில் பாறையில் படாமலும் காற்றின் தடையில்லாமலும் ஒரு துளி விழுவதாகக் கொண்டால், அது அடிவாரத்தைத் தொட நான்கு வினாடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 139 கிலோமீட்டர்.

இதே கணக்குதான், குன்னூர் டால்பின் நோஸ் போன்ற காட்சிமுனைகளில் நின்று கல்லெறிவது எவ்வளவு கொடிய செயல் என்பதையும் காட்டுகிறது. 100 மீட்டர் விழுந்த ஒரு கல் மணிக்கு 159 கிலோமீட்டர் வரை வேகம் பெறக்கூடும். கீழே தேயிலை பறிப்பவர்களும், ஒற்றையடிப் பாதையில் நடப்பவர்களும், விலங்குகளும் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டியில் உள்ள எந்தச் சோதனைக்கும் ஓர் அறையின் உயரத்துக்கு மேல் தேவையில்லை. பள்ளத்தாக்கைச் சோதனைக்கூடமாக யாரும் ஆக்க வேண்டாம்.

இரண்டாம் படி: எடை கூடினால் வேகம் கூடுமா?

கூடாது. ஆனால் கூடாது என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமல்ல. ஏனெனில் கனமான பொருள் வேகமாக விழும் என்ற எண்ணம் அன்றாட அனுபவத்திலிருந்து வருவது. ஒரே மாதிரியான மூன்று செங்கற்களை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாகக் கைவிட்டால் மூன்றும் சேர்ந்தே விழும் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். இப்போது இரண்டு செங்கற்களை மட்டும் ஒரு நூலால் கட்டிவிடுவோம். எடை இரு மடங்கான "ஒரே பொருள்" கிடைத்துவிட்டது. நூல் கட்டியதாலேயே அவை இரண்டும் மூன்றாவதை முந்திக்கொண்டு ஓடுமா? ஓடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இதன் உள்விளக்கம் நியூட்டனின் விதியில் இருக்கிறது. நிறை இரு மடங்கானால் புவி அதை இழுக்கும் விசையும் இரு மடங்காகிறது. அதே வேளையில், தன் நிலையை விட்டு அசைய மறுக்கும் நிலைமமும் இரு மடங்காகிறது. இரண்டும் ஒரே அளவில் கூடுவதால் முடுக்கம் மாறுவதில்லை. 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 பயணத்தின் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவின் தரையில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒரே கணத்தில் தரையைத் தொட்டன.

வீட்டில் பார்ப்பதற்கு, மேசை விளிம்பில் ஓர் இரும்புக் குண்டையும் ஒரு கோலிக்குண்டையும் அருகருகே வைத்து, ஓர் அடிக்கோலால் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள். கிடைமட்டமாகத் தள்ளுவது, கீழே விழும் நேரத்தை மாற்றாது. தரையில் ஒரு தகரத் தட்டைப் போட்டு வைத்தால், கண்ணை மூடிக்கொண்டே விடை கேட்கலாம்: ஒரே ஒரு ஓசைதான் வரும்.

மூன்றாம் படி: வீழ்ச்சியை மெதுவாக்கிப் பார்த்தல்

நேராக விழும் பொருளைக் கண் தொடர முடியாது. இரண்டு மீட்டர் விழுவதற்கு 0.64 வினாடிதான் ஆகிறது. கலிலியோ இந்தத் தடையைச் சாய்தளத்தால் கடந்தார். நாமும் அதையே செய்வோம்.

ஜன்னல் வேலை செய்யும் கடையில் கிடைக்கும், அடிப்பகுதி தட்டையான, வளைவில்லாத இரண்டு மீட்டர் அலுமினிய சேனல் ஒன்று போதும். மலையூர் வீடுகளில் தரை சமமாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். முதலில் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துச் சேனலைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முனையை 5 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். நாற்பதுக்கு ஒன்று என்ற இந்தச் சரிவில், இழுவிசையின் நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே குண்டைக் கீழ்நோக்கிச் செலுத்துகிறது. உருளும் குண்டு தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவும் அதில் ஒரு பங்கைச் செலவிடுவதால், திண்மக் குண்டுக்கு எஞ்சுவது அதிலும் ஏழில் ஐந்து பங்கு. ஆக முடுக்கம் 0.175 மீட்டர்/வினாடி². கண்ணால் நிதானமாகத் தொடரக்கூடிய வேகம் இது.

கைபேசியில் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று ஓடவிடுங்கள். குண்டின் முன்னால் ஓர் அடிக்கோலை அணையாக வைத்து, ஒரு தட்டு விழும் கணத்தில் அதை முன்பக்கமாக விலக்குங்கள். குண்டை விரலால் தள்ளக் கூடாது. அடுத்தடுத்த தட்டுகளின்போது குண்டு எங்கே இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். கணக்குப்படி அந்தக் குறிகள் தொடக்கத்திலிருந்து சுமார் 9, 35, 79, 140 சென்டிமீட்டரில் அமைய வேண்டும். பலமுறை திரும்பச் செய்து, குறிகள் நெருங்கி விழும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்து வருவதுதான் இந்தச் சோதனையின் உயிர். குறியிட்ட நான்கு இடங்களிலும் சேனலின் குறுக்கே மெல்லிய ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள்; குண்டு அதன்மேல் ஏறி இறங்கும்போது ஒரு சிறு "டிக்" ஒலி எழும். மெட்ரோனோமை நிறுத்திவிட்டுக் குண்டை மட்டும் விடுங்கள். ரப்பர் பேண்டுகளின் இடைவெளி கண்ணுக்குத் தாறுமாறாக, 9, 26, 44, 61 என்று விரிந்துகொண்டே போகிறது. காதுக்கோ ஆதிதாளத்தின் அட்சரங்களைப் போல இடறாமல், சம இடைவெளியில் ஒலிக்கிறது. தாளம் தப்பினால் எந்தப் பேண்டை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதைக் காதே சொல்லிவிடும். ஒற்றைப்படை எண்களின் விதியை இப்படிக் கேட்ட மாணவர் அதை மறக்க மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சேனலிலிருந்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் விடை 9.78ஐவிடக் கணிசமாகக் குறைந்தே வரும். சரிவு மிகச் சிறியது என்பதால் உருளல் உராய்வு பெரிய பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது. ஆனால் உராய்வும் ஏறத்தாழ மாறாத விசை என்பதால், 1, 3, 5, 7 என்ற விகிதம் குலைவதில்லை. விதியைக் காணச் சாய்தளம். எண்ணை அளக்க வேறு கருவி.

நான்காம் படி: கைபேசியால் நேரடியாக அளத்தல்

கதவு நிலையில் ஓர் அளவுநாடாவை ஒட்டி, 1.5 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புக் குண்டைக் கைவிட்டு, வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் பதிவு செய்யுங்கள். பனிமூட்டம் சூழ்ந்த பிற்பகலில் எடுத்தால் வெளிச்சம் போதாமல் குண்டு ஒரு கோடாக இழுபட்டுத் தெரியும். நல்ல வெயில் உள்ள நேரத்தில் எடுப்பது நலம். விரலை விட்டு விலகிய படத்திலிருந்து தரையைத் தொட்ட படம்வரை ஒவ்வொன்றாக எண்ணினால் சுமார் 133 படங்கள் வரும். தூரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தால் இருமுறை வகுத்தால் 9.77 கிடைக்கிறது.

சில கைபேசிகள் 240 என்று காட்டிவிட்டு உண்மையில் அதில் பாதியையே எடுத்து, மீதியைத் தாமே கற்பித்து நிரப்பிவிடுகின்றன. ஆகவே முதலில் ஓடும் டிஜிட்டல் நிறுத்துக் கடிகாரம் ஒன்றைப் படம்பிடித்து, ஒரு வினாடிக்குள் மெய்யாகவே எத்தனை படங்கள் மாறுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் இரண்டு படங்கள் பிசகினாலும் விடை 9.5 முதல் 10.1 வரை அலையும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவகையில் இது நேர்மையான சோதனை. தன் பிழையை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

ஐந்தாம் படி: ஊசலால் துல்லியமாக அளத்தல்

ஊசல் என்பது திரும்பத் திரும்ப விழுந்து எழும் ஒரு பொருள். ஒரு முறை விழுவதை அளப்பதற்குப் பதிலாக ஐம்பது அலைவுகளைச் சேர்த்து அளந்தால், கை தாமதத்தால் நேரும் பிழை ஐம்பதாகப் பங்கிடப்பட்டுச் சிறுத்துவிடுகிறது.

பருத்தி நூல் வேண்டாம். மலையின் ஈரக்காற்றில் அதன் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். தூண்டில் நரம்பைப் பயன்படுத்துங்கள். குண்டாகக் கொத்தனாரின் தூக்குக்குண்டு மிகப் பொருத்தம். ஆனால் நீளத்தை அதன் மேல்முனை வரை அளப்பது தவறு. குண்டைக் கிடையாக ஓர் அடிக்கோலின் விளிம்பில் வைத்து, அது இருபுறமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டு, அங்கே ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். நரம்பைத் தாங்கும் புள்ளியிலிருந்து அந்தக் கோடு வரை சரியாக ஒரு மீட்டர் இருக்க வேண்டும். மேலே நரம்பை ஆணியில் சுற்றித் தொங்கவிட்டால், ஆடும்போது அது உருண்டு நீளம் மாறும்; இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே அழுத்திப் பிடிக்கச் செய்யுங்கள்.

குண்டைப் பக்கவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம். வீச்சு பெரிதானால் அலைவு நேரமும் கூடிவிடும். குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் "சுழியம்" என்று தொடங்கி எண்ணுங்கள். "ஒன்று" என்று தொடங்குவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அதனால் ஓர் அலைவு குறைந்துவிடும். ஐம்பது அலைவுக்குச் சுமார் 100.5 வினாடி ஆக வேண்டும். ஓர் அலைவுக்கு 2.01 வினாடி. நீளத்தை 39.48ஆல் பெருக்கி, அலைவு நேரத்தால் இருமுறை வகுத்தால் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். வகுக்கும்போது அலைவு நேரத்தை 2.01 என்று சுருக்கிவிடாமல் மூன்று தசமம் வரை வைத்துக்கொள்ளுங்கள். கவனமாகச் செய்தால் 9.74க்கும் 9.82க்கும் இடையே வரும். ஒரு தூக்குக்குண்டையும் நரம்பையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பம் கிடைப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மலை உயரம் என்ன செய்கிறது?

மலைமேல் ஈர்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர். புவியின் ஆரமோ 6,370 கிலோமீட்டர். புவி மையத்திலிருந்து விலகியதால் முடுக்கம் 0.006 அளவுக்குக் குறைகிறது. காலடியில் இருக்கும் மலையின் பாறைத் திரளே தன் பங்குக்கு நம்மை இழுப்பதால், அதிலும் ஒரு பகுதி திரும்பக் கிடைத்துவிடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் வில்தராசில் நின்றால் சுமார் 30 கிராம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். நம் தூண்டில் நரம்பு ஊசலால் இதைக் காண இயலாது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடும் ஓர் ஊசல் கடிகாரம் ஊட்டியில் நாளொன்றுக்குச் சுமார் 15 முதல் 25 வினாடி வரை பின்தங்கும். ஊட்டிக் குளிரில் உலோகத் தண்டு சுருங்கி, அதில் சில வினாடிகளை மீட்டுத் தருவதும் உண்டு.

உயரத்தைவிட வலிமையான காரணம் நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது. புவி தன்னைத்தானே சுற்றுவதாலும், நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் முடுக்கம் 9.780, துருவத்தில் 9.832. பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே 1672இல் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியதற்கு இதுவே காரணம். புவியின் சுழற்சியோடு ஊட்டிக்கு இன்னொரு நெருங்கிய உறவும் உண்டு. முத்தோரையில் 1970இல் செயல்படத் தொடங்கிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, அந்த ஊரின் அட்சரேகையான 11 பாகைக்கு ஒத்த சரிவுள்ள மலைச்சாரலில் அமைக்கப்பட்டதால், அதன் அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாகக் கிடக்கிறது.

கடைசிப் படி: காற்றையும் கணக்கில் சேர்த்தல்

கற்பூர மரத்தின் காய் ஒன்றையும், அதே மரத்தின் காய்ந்த இலை ஒன்றையும் ஒன்றாகக் கைவிட்டால், காய் நேராகத் தரையைத் தொடுகிறது. இலை அலைந்து திரிந்து பின்னால் வருகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. தடை எடைக்குச் சமமாகும் கட்டத்தில் முடுக்கம் நின்றுவிடுகிறது. அதன்பின் பொருள் மாறாத வேகத்தில் இறங்கும். இதை முற்றுத்திசைவேகம் என்பர்.

இதற்குப் பேக்கரியில் கப் கேக் வைத்து விற்கும் மடிப்புக் காகிதக் கிண்ணங்களே நல்ல கருவி. ஒரு கிண்ணத்தை 1.2 மீட்டரிலிருந்தும், ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய நான்கு கிண்ணங்களை 2.4 மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுங்கள். இரண்டும் ஏறத்தாழச் சேர்ந்தே தரையைத் தொடும். எடை நான்கு மடங்கானால் முற்றுத்திசைவேகம் இரண்டு மடங்காகிறது என்பதே இதன் பொருள். காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ஊட்டியின் காற்று கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே காகிதக் கிண்ணம் சென்னையில் விழுவதைவிட இங்கே ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வேகமாக விழும். ஈர்ப்பு சற்றே குறைந்த இடத்தில் பொருள் விரைவாக விழுகிறது! மலைக்கு வந்தால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஈர்ப்பினால் வருவதன்று, காற்றினால் வருவது.

மூடுபனியின் துளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமே உள்ளது. அது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலேயே இறங்குவதால், பள்ளத்தாக்கிலிருந்து எழும் மெல்லிய காற்றே அதைத் தாங்கிவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி வினாடிக்கு ஆறரை மீட்டரில் நின்றுவிடுகிறது. காற்றில்லாமல் ஒரு கிலோமீட்டர் விழுந்திருந்தால் அது மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். தேயிலைச் செடியில் ஒரு கொழுந்துகூட மிஞ்சாது.

அருவி நீர் தன் வேகத்தின் பெரும்பகுதியைப் பாறையிலும் சாரலிலும் இப்படித்தான் இழக்கிறது. அந்த இழப்பைத் தவிர்க்கத்தான் பைக்காரா நீரைக் குழாய்க்குள் அடைத்து இறக்கினார்கள். 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்திட்டத்தில், நீர் ராட்சதக் குழாய்கள் வழியே 900 மீட்டருக்கு மேல் இறங்கிச் சிங்காரா மின்நிலையத்தை அடைகிறது. குழாய்க்குள் அது நிதானமாகவே நகர்கிறது. விழுந்து பெற்றிருக்க வேண்டிய வேகம் முழுவதும் அழுத்தமாகச் சேர்ந்து, கீழே முனைக்குழாயில் வெளிப்படுகிறது. குழாயின் உராய்வைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால், இரண்டையும் 9.78ஐயும் 900ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க, வினாடிக்குச் சுமார் 133 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர் வருகிறது. அந்தத் தாரை, மின்னாக்கியைச் சுழற்றும் பெல்டன் சக்கரத்தின் விளிம்பிலுள்ள கிண்ணங்களில் மோதுகிறது. கிண்ணங்கள் தாரையின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் ஓடும்படி அமைத்தால்தான், நீர் தன் வேகம் முழுவதையும் சக்கரத்திடம் ஒப்படைத்துவிட்டு, வலுவின்றிக் கீழே சொரியும்.